மூச்சில் மலரும் கண்ணாடி

நுழையும்முன்

தண்ணீர் பருகும் குவளை, சன்னல், கைப்பேசியின் முகப்பு எனக் கண்ணாடியை நாம் நாள்தோறும் தொடுகிறோம். அதைக் கொண்டு சிற்பம் செய்ய இயலுமா? கருவியைக் கையில் ஏந்த இயலாமற்போன ஒருவர் சிற்பியாகத் தொடர இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் ஓர் அமெரிக்கக் கலைஞரின் வாழ்க்கை விடை தருகிறது.

இளமை

டேல் சிஹுலி 1941ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா நகரில் பிறந்தார். தந்தை இறைச்சி வெட்டும் தொழிலாளி. தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். தாயார் வயோலா, வீட்டுத் தோட்டத்தைப் பேரன்போடு பேணியவர். 1957இல் கடற்படை விமானப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் சிஹுலியின் அண்ணன் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மாரடைப்பால் காலமானார். தாயார் வேலைக்குச் சென்று குடும்பத்தைக் காத்தார். மேற்படிப்பில் நாட்டமின்றி இருந்த மகனைக் கல்லூரியில் சேரத் தூண்டியவரும் அவரே.

கல்லூரியில் சிஹுலி வீட்டின் உட்புற வடிவமைப்பைப் பயின்றார். நெசவு வகுப்பில் நூலோடு கண்ணாடித் துண்டுகளையும் சேர்த்து நெய்து பார்த்தார். 1965இல் கண்ணாடியை உருக்கி, ஓர் இரும்புக் குழாயின் முனையில் எடுத்து ஊதினார். குமிழி ஒன்று எழுந்தது. அக்குமிழியே அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றியது.

மணல், நெருப்பு, மூச்சு

மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றை உலையில் இட்டு உருக்கினால் கண்ணாடி கிடைக்கும். ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது தேன்போல் குழைந்து நிற்கும். அடுப்பு ஊதும் குழலைப் போன்ற நீண்ட இரும்புக் குழலை உலைக்குள் விட்டுச் சுழற்றினால், குழம்பு அதன் முனையில் திரளும். மறுமுனையில் வாய்வைத்து ஊத, உள்ளே காற்று புகுந்து குமிழி பெருக்கும். இடைவிடாது குழலை உருட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். கை நின்றால் கண்ணாடி ஒருபுறமாகத் தொங்கிவிடும். வடிவம் பெற்ற பொருளை உடனே வெளியில் வைத்தலும் கூடாது. மேற்பகுதி விரைந்து குளிர, உட்பகுதி சூடாகவே இருப்பின் கண்ணாடி வெடித்துவிடும். ஆதலால் மற்றோர் உலையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுவர்.

பலர் கூடும் தொழில்

1968இல் சிஹுலி இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரை அடுத்த மூரானோ தீவுக்குச் சென்றார். பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற தீவு அது. அங்கே வெனினி என்னும் தொழிற்கூடத்தில் அவர் கண்ட காட்சி அவருக்குப் புதிதாக இருந்தது. ஒரு தலைமைக் கைவினைஞரைச் சூழ்ந்து உதவியாளர் பலர் நின்றனர். ஒருவர் குழம்பை எடுத்துவர, ஒருவர் ஊத, மற்றொருவர் கருவியை நீட்ட, ஒரே பொருள் பலர் கைகளில் உருவாயிற்று. தனியாக ஊதக் கற்றிருந்த சிஹுலி, கண்ணாடி கூட்டுழைப்பில் மலரும் கலை என்பதை அங்கு உணர்ந்தார். 1971இல் சியாட்டில் நகருக்கு வடக்கே, மரங்கள் சூழ்ந்த நிலத்தில் பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் கோடையில் ஆசிரியரும் மாணவரும் தாமே உலை அமைத்து, மழையில் கூடாரமிட்டுத் தங்கிக் கற்றனர்.

கண்ணும் தோளும்

1976இல் இங்கிலாந்தில் நேர்ந்த மகிழுந்து விபத்தில் சிஹுலி முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு தூக்கி எறியப்பட்டார். முகமெங்கும் காயம், இடக்கண் பார்வை போயிற்று. வாழ்வு தந்த கண்ணாடியே கண்ணையும் பறித்தது. எனினும் அவர் கண்ணாடியை வெறுக்கவில்லை. அடுத்த ஆண்டு டகோமாவில் அமெரிக்கப் பழங்குடியினரின் பழைய கூடைகளைக் கண்டார். தம் எடையாலேயே அவை நெளிந்தும் சரிந்தும் இருந்தன. அந்த நெளிவையே அழகாகக் கொண்டு, வளைந்து சாயும் கண்ணாடிக் கூடைகளைப் படைத்தார். வட்டம் பிசகினால் குறை என்று கருதப்பட்ட தொழிலில், பிசகையே வடிவமாக்கினார்.

ஒற்றைக் கண்ணால் தொலைவை அளவிடுதல் கடினம். கொதிக்கும் கண்ணாடி சூழ்ந்த இடத்தில் அது பேரிடர். 1979இல் கடலலையில் விளையாடியபோது தோள்மூட்டும் நழுவியது. கனத்த குழலை ஏந்துதல் இயலாதாயிற்று. அப்பொழுது அவர் குழலைப் பிறர் கையில் கொடுத்தார். தாம் எண்ணிய வடிவங்களைப் பெரிய தாள்களில் வண்ணங்களால் தீட்டிக் காட்டினார்; குழுவினர் அவற்றை ஊதினர். விலகி நின்றபின் பணி முழுவதையும் நன்கு காண முடிந்தது என்று பின்னாளில் அவர் கூறியுள்ளார்.

அவ்வாறு பிறந்த படைப்புகள் பல. 1996இல் வெனிஸ் நகரின் கால்வாய்களுக்கு மேலும் சதுக்கங்களிலும் பதினான்கு கண்ணாடிச் சரவிளக்குகளை அமைத்தார். அவற்றுக்காகப் பின்லாந்து, அயர்லாந்து, மெக்சிகோ ஆகிய நாடுகளின் கைவினைஞர்களும் உடன் உழைத்தனர். 1998இல் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு விடுதியின் கூரையில் ஏறத்தாழ 2,000 கண்ணாடி மலர்களை விரித்தார். தாயின் தோட்டத்து மலர்களே தம் வண்ணங்களுக்கு ஊற்று என்பார் அவர்.

யாருடைய சிற்பம்?

பிறர் ஊதிய கண்ணாடியைச் சிஹுலியின் சிற்பம் என்று கூறலாமா எனக் கேட்போர் உண்டு. அவரோ தம்மை ஆடுபவராகக் கருதாமல், ஆட்டத்தை அமைப்பவராகவே கருதுகிறார். எண்ணம் ஒருவருடையது, மூச்சு மற்றொருவருடையது. இவ்விரண்டில் ஒன்று இல்லையெனினும் அச்சிற்பம் இல்லை. எனவே சிஹுலியின் பெயரைக் கூறும்போது, பெயர் அறியப்படாத அக்கைகளையும் நினைத்தல் நம் கடமை.

சொல்லும் பொருளும்

குழைந்து – இளகி
திரளும் – ஒன்றுசேரும்
நாட்டம் – விருப்பம்
பிசகு – தவறு, வழுவுதல்
பேரிடர் – பெருந்துன்பம்
ஊற்று – தோன்றும் இடம்

பயிற்சி

1. கண்ணாடிப் பொருளை மெல்ல ஆறவிடுவது ஏன்?
2. மூரானோவில் கற்றது சிஹுலிக்கு 1979க்குப் பின் எவ்வாறு உதவியது?
3. பிரித்து எழுதுக: பேரன்பு, கூட்டுழைப்பு, இவ்விரண்டு.
4. ‘வட்டம் பிசகினால் குறை’ என்னும் எண்ணத்தைச் சிஹுலி எவ்வாறு மாற்றினார்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் நகர் கண்ணாடி வளையல்களுக்குப் பெயர்பெற்றது. அதுபோல், நீங்கள் இப்போது வாழும் ஊரில் பலர் கூடிச் செய்யும் கைத்தொழில் ஒன்றை நேரில் கண்டு, யார் யார் எந்த வேலையைச் செய்கின்றனர் என்பதை வீட்டில் தமிழில் கூறுக. பின்னர் ஒரு பக்க அளவில் எழுதி வருக.