பீடம் இல்லாத சிலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் சுற்றுப்புற வயல்களிலும் குன்றுகளிலும் 1,300க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. அங்கு மேற்குப் பக்கத்துச் சாலையில் உயர்ந்த பீடத்தின்மேல் குதிரையில் அமர்ந்திருப்பவர் தளபதி ராபர்ட் லீ. அச்சிலை 1917 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதே சாலையில் மேலும் தெற்கே சென்றால், மரங்களுக்கு நடுவே மற்றொரு குதிரை வீரரைக் காணலாம். அவருக்குப் பீடம் இல்லை; குதிரையின் குளம்பு தரையிலேயே பதிந்துள்ளது. அவர் ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். லீக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி. அவருக்குச் சிலை வைக்கப்பட்டது 1998 இல்தான். போர் முடிந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவரை ஏன் ஒருவரும் நினைக்கவில்லை?

அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் தனிக் கூட்டமைப்பு அமைத்து நாட்டிலிருந்து பிரிந்தன. அதனால் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடைபெற்றது. லாங்ஸ்ட்ரீட் தென்படையில் நான்காண்டுகளும் போரிட்டார். 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் இரு படைகளும் மோதின. மூன்றாம் நாள், எதிரே உயர்ந்த நிலத்தில் நின்ற வடபடையை நேருக்கு நேர் தாக்குமாறு லீ ஆணையிட்டார். இடையில் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட திறந்த வெளி, அப்பால் பீரங்கிகள். இத்தாக்குதல் வெல்லாது என லாங்ஸ்ட்ரீட் எடுத்துரைத்தார். லீ இணங்கவில்லை. புறப்படலாமா எனத் தளபதி பிக்கெட் வந்து கேட்டபோது, லாங்ஸ்ட்ரீட்டுக்கு வாய் எழவில்லை. தலையை மட்டும் அசைத்தார். ஏறத்தாழ 12,500 வீரர் முன்னேறினர். ஒரு மணி நேரத்திற்குள் அவர்களுள் பாதிப்பேர் வீழ்ந்தனர் அல்லது சிறைப்பட்டனர்.

தோற்ற தளபதிகள் பலருக்கும் தென்னாட்டவர் சிலை வைத்தனர். ஆகவே தோல்வி காரணமன்று. போருக்குப் பின் அவர் செய்ததே காரணம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் குடியேறிய லாங்ஸ்ட்ரீட், தோல்வியை ஏற்றுப் புதிய சட்டங்களுக்கு உட்படுவதே முறை என்று 1867 இல் செய்தித்தாளில் எழுதினார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை அளித்த குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1874 செப்டம்பரில், மாநில அரசைக் கவிழ்க்க வெள்ளையர் கூட்டமொன்று ஆயுதம் ஏந்தித் தெருவில் இறங்கியது. அதில் அவருடைய பழைய படைத் தோழரும் இருந்தனர். கறுப்பின வீரர் மிகுந்த மாநிலப் படைக்குத் தலைமையேற்று லாங்ஸ்ட்ரீட் அவர்களை எதிர்த்தார், குண்டடிபட்டுச் சிறைப்பிடிக்கப்பட்டார்.

இதனைத் தென்னாட்டவர் மன்னிக்கவில்லை. லீ 1870 இல் மறைந்தார். அதன்பின், கெட்டிஸ்பர்க் தோல்விக்கு லாங்ஸ்ட்ரீட்டின் தாமதமே காரணம் என்று பழைய படைத்தலைவர் சிலர் பேசவும் எழுதவும் தொடங்கினர். இரண்டாம் நாள் அவர் படை மெதுவாகவே நகர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் தோல்வியின் முழுச் சுமையையும் அவர்மேல் ஏற்றியதில் அரசியல் பகை மிகுதி. அவர் எழுதிய மறுமொழிகளிலும் தற்பெருமை கலந்திருந்தது; அது பகையை வளர்க்கவே உதவிற்று. 1904 இல் அவர் இறந்தார்.

அவருடைய இரண்டாம் மனைவி ஹெலன், கெட்டிஸ்பர்க் போர் நடந்த அதே ஆண்டில் பிறந்தவர். கணவரின் பெயரை மீட்பதிலேயே தம் நெடிய வாழ்வைச் செலவிட்டார். அவர் முயற்சியால் 1941 இல் போர்க்களத்தில் சிலைக்கு நிலம் அகழப்பட்டது. அவ்வாண்டே அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது, பணி நின்றது. சிலையைக் காணாமலே 1962 இல், தம் 99 ஆம் வயதில் ஹெலன் மறைந்தார்.

பின்னர் வடக்குக் கரோலினா ஆர்வலர்கள் நிதி திரட்ட, கேரி காஸ்டீல் என்னும் சிற்பி வெண்கலச் சிலையை வடித்தார். குதிரையின் ஒரு கால் தூக்கியிருந்தால் வீரர் அப்போரில் காயமுற்றார் என்று பொருள் எனப் பலர் கூறுவர். அச்சிலையிலும் ஒரு கால் தூக்கியே உள்ளது. ஆனால் கெட்டிஸ்பர்க்கில் அவருக்குக் காயமே இல்லை; மறு ஆண்டு வேறொரு போரில்தான், அதுவும் தம் படையினரே தவறுதலாகச் சுட்டதில், படுகாயமுற்றார். 1998 ஜூலை 3 அன்று, அவர் தலையசைத்த அதே நாளில், சிலை திறக்கப்பட்டது. காண வருவோர் அவரை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. குதிரையின் அருகிலேயே சென்று நிற்கலாம்.

சொற்பொருள்: பீடம் – சிலையின் அடித்தளம்; அகழ்தல் – தோண்டுதல்; குளம்பு – குதிரையின் கால் நகம்.

வினாக்கள்
1. பிக்கெட் கேட்டபோது லாங்ஸ்ட்ரீட் ஏன் வாய் திறந்து விடை கூறவில்லை?
2. லாங்ஸ்ட்ரீட்டுக்கு நெடுங்காலம் சிலை வைக்கப்படாததன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
3. உம் ஊரில் உள்ள ஒரு சிலையை அதை நிறுவியவர் யார், எந்த ஆண்டில் என்று கேட்டறிந்து எட்டு வரிகளில் எழுதுக.