ரோசி வேடம் ஏற்கும் மகளுக்கு

குழித்துறையிலிருந்து பெரியப்பா, சென்னையில் நாடகம் பயிலும் தம்பி மகளுக்கு எழுதுவது.



மலையாளத் திரையின் முதல் கதாநாயகியான பி. கே. ரோசியின் வாழ்க்கையைச் சொல்லும் நாடகத்தில் ரோசியாகவே நடிக்க மகள் இசைந்திருப்பது குடும்பத்தார் அனைவருக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி. எனினும் அவ்வேடம் நடிப்பவரை மிக எளிதில் அழுகையின் பக்கம் இழுத்துவிடக் கூடியது. ஊரைவிட்டுத் துரத்தப்படுவதற்கு முன் அப்பெண் கைதேர்ந்த ஒரு நாடகக் கலைஞராக இருந்தார் என்பதை மகள் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில் புலையர் குடும்பமொன்றில் 1903-இல் பிறந்தவராகக் கருதப்படும் ரோசி, புல்லறுத்து விற்றுப் பிழைத்த நாள்களிலேயே காக்காரிசி நாடகத்தில் தேர்ச்சி பெற்றார். தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் வழங்கிய காக்காரிசி என்பது, சிவனும் பார்வதியும் காக்கான், காக்காத்தி என்னும் குறவர் வடிவில் பூமிக்கு வந்து திரிவதாகக் கற்பனை செய்து, தமிழும் மலையாளமும் கலந்த பாட்டாலும் பேச்சாலும் ஆட்டத்தாலும் நாட்டு நடப்பை எள்ளி நகையாடும் நாட்டார் கூத்து ஆகும். அதில் நடிப்பவருக்குக் குரல்வளமும் தாளக்கட்டும் போதா. எதிரில் இருப்பவர் வீசும் சொல்லுக்கு அந்தக் கணமே மறுசொல் வீசும் கூர்மையும், கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் துணிவும் வேண்டும். ஆகவே ரோசி சிரிக்கத் தெரிந்தவர், பிறரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் என்பதே அவ்வேடத்தின் முதல் உண்மை.

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல், சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவி ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தபோது, பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை விலகிவிட, சரோஜினி என்ற நாயர் பெண்ணின் வேடம் ரோசிக்கு வந்தது. ஊமைப்படம் என்பது நடிப்பவரின் குரல் பதிவாகாத படம். எனவே பாட்டையும் சொல்லையும் கொண்டு கூட்டத்தை ஆண்ட ஒருவர் அவ்விரண்டையும் ஒதுக்கிவைத்துக் கண்ணையும் கையையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. இது எவ்வளவு கடினமான மாற்றம் என்பதை நாடகப் பள்ளியில் பயிலும் மகளுக்கு விளக்க வேண்டியதில்லை. படம் தலைநகரின் கேபிடல் அரங்கில் 1928-இல் வெளியானது என்பது பழைய கூற்று, 1930 என்பது பின்னர் வந்தவர்களின் கூற்று. நாடக விளம்பரத்தில் ஓர் ஆண்டை அச்சிடும்போது இரண்டையும் குறிப்பிடுவதே நேர்மையாகும்.

புலையர் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாத கூட்டம் திரையின்மீது கல்லெறிந்தது; ரோசியின் குடிசை எரிக்கப்பட்டது. இந்தச் சினத்தின் வேர் தென் திருவிதாங்கூர் மக்களுக்குத் தெரியாததன்று. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859-இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஆணை, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள இசைவு தந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்று வரம்பும் விதித்தது. யார் யாரைப் போல உடுத்தலாம் என்று அரசே வகுத்த நாட்டில், இரண்டு தலைமுறைக்குப் பிறகு ரோசி அந்த வரம்பைத் திரையில் கடந்தார். தோள்சீலைக்காக அடிபட்ட விளவங்கோடு, கல்குளம் மக்களின் வழிவந்தவர்கள் ரோசியை அயலாராக எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அவர் லாரியில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பினார் என்றும், அவ்வண்டியின் ஓட்டுநரான கேசவபிள்ளையை மணந்து ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்றும் கூறப்படுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை களியக்காவிளை, குழித்துறை வழியாகச் செல்வதால், இந்த ஊரைக் கடந்தே அவர் போயிருக்க வேண்டும். அதன்பின் அவர் நடிக்கவில்லை. படத்தின் பிரதியும் இன்று இல்லை. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் தேடலும், வினு ஆபிரகாமின் ‘நஷ்ட நாயிகா’ நாவலும், 2013-இல் வந்த கமலின் ‘செல்லுலாய்டு’ படமும் அவர் பெயரை மீட்டன. ஆனால் நாவலிலும் படத்திலும் உள்ள உரையாடல்கள் எழுத்தாளர்களின் கற்பனை என்பதால், அவற்றை ரோசியின் வாய்மொழியாக மகள் மனப்பாடம் செய்யலாகாது.

இத்தாலியின் எலியனோரா டூசே (1858–1924) என்னும் நடிகையையும் மகள் அறிந்துகொள்ள வேண்டும். ஊரூராகச் சென்று நடித்த குடும்பத்தில் பிறந்து, சிறுமியாகவே மேடையேறி, அரிதாரத்தைக் குறைத்து, அடங்கிய அசைவுகளால் உலகப்புகழ் பெற்ற அவரும் ஒரே ஒரு படத்தில்தான் நடித்தார். 1916-இல் வெளியான ‘சேனரே’ என்னும் அந்த ஊமைப்படம் அழியாமல் இருப்பதால், டூசேயின் கைகள் எவ்வாறு பேசின என்பதை இன்றும் காண முடிகிறது. கலைஞர் இருவருக்கும் படம் ஒன்றே. ஒருவருடையது காக்கப்பட்டது, மற்றவருடையது அழிந்தது. இந்த வேறுபாட்டைத் திறமையின் அளவாகக் கொள்வது பெருந்தவறு.

ஆதலால் ஒத்திகைக்கு முன் மகள் செய்ய வேண்டிய வேலை காக்காரிசி கற்பதாகும். திருவனந்தபுரம் வட்டாரத்தில் அதை இன்றும் ஆடுவோரிடம் சில வாரங்கள் தங்கிப் பாட்டையும் அடவையும் பழக வேண்டும். கல்லெறி வரும் காட்சியைச் சுருக்கி, காக்காத்தியாக ரோசி கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் காட்சியை நீட்டும்படி இயக்குநரிடம் பணிவாகவும் உறுதியாகவும் கேட்க வேண்டும். ரோசி தம் படத்தின் முதல் காட்சியை அரங்கில் அமர்ந்து பார்க்க விடப்படவில்லை என்பது வரலாறு ஆகையால், இந்நாடகத்தின் முதல் நாளில் முன்வரிசை, நன்கொடையாளர்களுக்கு முன்னதாகக் காக்காரிசிக் கலைஞர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். குழு இசைந்தால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அரங்கு பிடித்துத் தரும் வேலையைப் பெரியப்பா ஏற்றுக்கொள்வார். தேதியை ஓணத்துக்கு முன்பே தெரிவித்தால் ஏற்பாடு எளிதாகும்.