மருத்துவமனைக் கணிப்பொறிகளும் நோயாளியின் படமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உடலைக் கீறாமலே உள்ளே பார்க்கும் வாய்ப்பு மனித குலத்திற்கு அன்று கிட்டியது. 1971 அக்டோபர் முதல் நாள் லண்டனில், ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறியாளர் அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. முன்னவருக்கு 1901இலும் பின்னவருக்கு 1979இலும் நோபல் பரிசு வழங்கப்பட்டதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் எடுத்த படம் அதன் பின் எங்கே போகிறது, யார் கையில் சேருகிறது, அடுத்த ஆண்டு தேடினால் கிடைக்குமா என்பன பற்றிப் பாடநூல்கள் பேசுவதில்லை. அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பகுதிக்கு மருத்துவமனை புதிதன்று. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது தோன்றிய மணியக்காரர் சத்திரத்தின் கஞ்சித்தொட்டியே பின்னாளில் ஆஸ்பத்திரியாக வளர்ந்து, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாயிற்று. இன்றும் முதியவர்கள் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைப்பர். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இலேயே அமைந்துவிட்டது. படம் எடுப்பதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். எடுத்த படத்தை ஆளோடு இணைத்து வைப்பதில்தான் இன்னும் வேலை மீதமிருக்கிறது.

ஒரு மனிதர், ஐந்து எண்கள்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தில் 10 இலக்க எண் ஒன்று உண்டு. அரசுப் பொது மருத்துவமனைக்குப் போனால் புறநோயாளிச் சீட்டில் வேறோர் எண். காசநோய் என்று தெரிந்தால் 2012இல் தொடங்கிய 'நிக்ஷய்' பதிவேட்டில் மூன்றாவது எண். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் நான்காவது எண். தனியார் ஸ்கேன் நிலையத்தில் பணம் கட்டினால் அந்த ரசீதில் ஐந்தாவது எண். ஐந்து இடத்திலும் கணிப்பொறி இருக்கலாம். ஆனால் இந்த ஐந்து எண்ணும் ஒரே மனிதரைக் குறிக்கின்றன என்பது எந்தக் கணிப்பொறிக்கும் தானாகத் தெரியாது. அதனை அறிந்தவர் அந்தத் தொழிலாளி ஒருவரே. அவர்தான் பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓரிடத்துச் செய்தியை மற்றோரிடத்திற்குச் சுமக்கிறார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆகவே ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலையாயிற்று. மணலியில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கும் என் தந்தைக்கு நாள்பட்ட இருமல் வந்தபோது, ஓர் இடத்தில் எடுத்த மார்புப் படம் மற்றோர் இடத்தில் செல்லவில்லை. படத்தின் மூலையில் இருந்த பெயரும் சீட்டில் இருந்த பெயரும் ஒன்றாக இல்லை என்றார்கள். மீண்டும் படம் எடுத்தோம். இரண்டு நாள் கூலி போயிற்று. நோய் பெரிதாக இல்லை என்பது நிம்மதி. ஆயினும் அந்த இரண்டு நாட்களுக்குக் காரணம் நோயும் அன்று, மருத்துவரும் அன்று. ஒரு பெயர் மட்டுமே.

பழைய படம் எதற்கு?

'புதுப் படம் எடுத்துவிட்டால் பழையது எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. நுரையீரலில் ஒரு சிறு வெண்புள்ளி தெரிகிறது என்று கொள்வோம். அது ஆறிப்போன பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம். புதிய நோயாகவும் இருக்கலாம். ஒரே ஒரு படத்தைப் பார்த்து இதனைப் பிரித்தறிவது கடினம். இரண்டாண்டுக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை என்று மருத்துவர் முடிவு செய்வார். பழைய படம் இல்லையெனில் சி.டி. ஸ்கேன், சளிப் பரிசோதனை, சில வேளை ஊசி செலுத்திச் சதை எடுத்தல் எனச் சோதனைகள் நீளும்.

செலவு ஒருபுறமிருக்கக் கதிர்வீச்சையும் எண்ண வேண்டும். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.1 மில்லி சீவர்ட். மார்பு சி.டி. ஸ்கேனில் அது ஏறத்தாழ 7 மில்லி சீவர்ட், அதாவது எழுபது மடங்கு. தேவைப்படும்போது எடுக்கத்தான் வேண்டும். பழைய படம் கிடைக்காத ஒரே காரணத்திற்காக எடுப்பது வீண்.

துறைமுகம் கற்பிக்கும் பாடம்

இச்சிக்கலுக்கு அறிவியல் கண்ட தீர்வை விளக்க நம் துறைமுகமே நல்ல எடுத்துக்காட்டு. முற்காலத்தில் கப்பலில் வந்த சரக்கு மூட்டையாகவும் பீப்பாயாகவும் மரப்பெட்டியாகவும் இருந்தது. ஒவ்வொன்றையும் கொக்கி போட்டு, முதுகில் சுமந்து, தனித்தனியே எண்ணி இறக்கினர். 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டகங்களை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். பின்னர் அப்பெட்டகங்களின் நீளம், அகலம், மூலைப் பூட்டு யாவும் உலகப் பொது அளவாக்கப்பட்டன. எந்த நாட்டுப் பெட்டகமும் எந்தத் துறைமுகத்துக் கிரேனிலும் எந்த லாரியிலும் பொருந்தியது. இந்தியாவில் பெட்டகங்களுக்கெனத் தனி முனையம் முதலில் அமைந்தது நம் சென்னைத் துறைமுகத்தில், 1983இல்.

அதே 1983ஆம் ஆண்டில் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் கூடி ஒரு குழு அமைத்தன. அதுவரை ஒரு நிறுவனத்தின் கருவி எடுத்த படத்தை மற்றொரு நிறுவனத்தின் திரையில் பார்க்க முடியாது. இக்குழு 1985இல் முதல் விதிமுறையை வெளியிட்டது. 1993இல் அது 'டைகாம்' என்னும் பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள் பேசும் பொது மொழி இதுவே. மருத்துவப் படத்தின் 'பெட்டகம்' டைகாம் எனலாம்.

பெட்டகத்தின் உள்ளே

டைகாம் கோப்பில் முதல் 128 பைட்டுகள் பொதுவாக வெறுமையாக விடப்படும். அடுத்து டி, ஐ, சி, எம் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் அடையாளமாக நிற்கும். அதன்பின் எண்ணிட்ட அறைகள் வரிசையாக வரும். 0010, 0010 என்ற அறையில் நோயாளியின் பெயர். 0010, 0020 இல் அவர் எண். 0010, 0030 இல் பிறந்த தேதி. இவற்றோடு கருவி, நாள், உடற்பகுதி ஆகிய விவரங்களும் உண்டு. இவை முடிந்த பிறகே படம்.

படம் என்பதும் எண்களின் அணியே. சி.டி. ஸ்கேனின் ஒரு வெட்டு வழக்கமாக 512 வரிசை, 512 நிரல் கொண்டது. மொத்தம் 2,62,144 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட்டு வீதம் 5,24,288 பைட்டுகள், ஏறத்தாழ அரை மெகாபைட். ஒரு நோயாளிக்கு 300 வெட்டுகள் எடுத்தால் 150 மெகாபைட். தண்ணீருக்கு 0, காற்றுக்கு –1000 என்னும் ஹவுன்ஸ்பீல்டு அளவில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியும் இதில் பதிவாகிறது. 12 பிட்டுகளில் 4096 படிநிலைகளைக் காட்டலாம். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துச் செல்போனில் படமெடுத்து அனுப்பும் பழக்கம் இன்று எங்கும் உள்ளது. அவசரத்திற்கு அது உதவும். ஆனால் சாம்பல் நிறப் படிநிலைகள் 256 ஆகச் சுருங்கிவிடும். பெயர், எண் ஆகிய அறைகள் முற்றிலும் தொலைந்துவிடும்.

அலுவலகங்களுக்கிடையே கடிதம்

பெட்டகம் மட்டும் வந்தால் போதுமா? அது யாருடையது, எங்கே செல்ல வேண்டும் என்று சொல்லும் ஆவணங்களும் வேண்டுமல்லவா? மருத்துவமனையில் அவ்வேலையைச் செய்வது 1987இல் தோன்றிய 'எச்.எல். 7' என்னும் செய்தி விதிமுறை. நோயாளி சேர்ந்தார், வார்டு மாறினார், ஸ்கேன் எழுதப்பட்டது, அறிக்கை தயார் என்பன போன்ற செய்திகளை ஒரு பிரிவின் கணிப்பொறி மற்றொன்றுக்கு இதன் மூலம் அனுப்புகிறது.

இரண்டும் சேர்ந்து இயங்கும் முறை இதுதான். பதிவு மேசையில் பெயர் ஒரே முறை பதியப்படுகிறது. மருத்துவர் ஸ்கேன் எழுதியதும் அந்தச் செய்தி கதிரியல் பிரிவுக்குப் போகிறது. ஸ்கேன் கருவியே அன்றைய நோயாளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கருவியை இயக்குபவர் பெயரை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. படம் 'பேக்ஸ்' எனப்படும் படச் சேமிப்பகத்திற்குச் செல்கிறது. வார்டிலுள்ள மருத்துவர் நோயாளியின் பெயரைத் திறந்தால் இரத்தப் பரிசோதனையும் பழைய படமும் புதிய படமும் அருகருகே நிற்கின்றன.

எண்ணூர் விரைவுச் சாலையில் விபத்து நடந்து, நினைவிழந்த ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்போம். பெயர் தெரியாது. தற்காலிக எண் ஒன்றில் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. இரவில் உறவினர் வந்து பெயர் சொல்கிறார்கள். அப்போது தற்காலிக எண்ணிலுள்ள எல்லாப் படங்களும் அறிக்கைகளும் ஒன்றுவிடாமல் உண்மைப் பெயருக்கு மாற வேண்டும். ஒன்று தவறினாலும், அல்லது வேறொருவர் பெயரில் சேர்ந்தாலும், விளைவு விபரீதம். 1998இல் தொடங்கிய 'ஐ.எச்.இ.' என்னும் பன்னாட்டு முயற்சி இதற்கும் தனி நடைமுறை வகுத்துள்ளது.

தமிழ்ப் பெயரின் தனிச் சிக்கல்

இங்கேதான் நம் நாட்டுக்குரிய ஒரு சிக்கல் எழுகிறது. டைகாமின் பெயர் அறை, குடும்பப் பெயர், இட்ட பெயர், நடுப்பெயர் என்னும் வரிசையில் அமைந்தது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. 'சு. முருகேசன்' ஓரிடத்தில் முருகேசன் என்ற குடும்பத்தவர் ஆகிறார். மற்றோரிடத்தில் 'சு' என்ற குடும்பத்தவர் ஆகிறார். வேறோரிடத்தில் சுப்பையா முருகேசன். 'எழிலரசி' என்னும் பெயரின் ழகரத்திற்கு ஆங்கிலத்தில் ஒருவர் 'எல்' இடுவார், மற்றொருவர் 'இசட் எச்' இடுவார். பிறந்த நாள் தெரியாத பாட்டிக்கு ஏதோ ஒரு தேதி எழுதப்படுகிறது. கணிப்பொறிக்கு இவர்கள் யாவரும் வெவ்வேறு மனிதர்கள்.

இதற்கும் பெட்டகமே வழி காட்டுகிறது. ஒவ்வொரு பெட்டகத்தின் மேலும் 4 எழுத்தும் 7 இலக்கமும் எழுதியிருப்பதைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் காண்கிறோம். கடைசி இலக்கம் 'சோதனை இலக்கம்'. முந்தைய பத்துக் குறிகளையும் வைத்துக் கணக்கிட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எழுதியதில் பிழை என்று அறியலாம். ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இத்தகையதே. ஆளை அடையாளம் காண எழுத்துக்கூட்டை நம்பாமல், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓர் எண்ணை நம்புவது அறிவுடைமை. பெயரைத் தமிழ் எழுத்திலேயே யூனிகோடு முறையில் பதிந்து வைக்கவும் டைகாமில் இடமுண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது.

நம் நாட்டு முயற்சிகள்

2005இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளுக்குக் கணிப்பொறி மேலாண்மை முறை வந்தது. மத்திய அரசு 2013இல் மின்னணு மருத்துவப் பதிவேட்டு விதிகளை வெளியிட்டு 2016இல் திருத்தியது, டைகாமும் எச்.எல். 7உம் அவற்றில் இடம்பெற்றுள்ளன. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 'ஆபா' என்னும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. ஆவணங்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி சம்மதம் தந்தால் மட்டுமே மற்றொரு மருத்துவர் அவற்றைக் கேட்டுப் பெறலாம் என்பது இதன் அடிப்படை.

எனினும் எச்சரிக்கை தேவை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. பல நாட்கள் அங்கே பேனாவும் காகிதமும் கொண்டே பணி நடந்தது. எல்லாவற்றையும் இணைக்கும் கதவு, திருடனுக்கும் கதவே. காசநோய் என்னும் செய்தி முதலாளியின் காதுக்குப் போனால் வேலையே போகக்கூடும் என்னும் அச்சம் நம் பகுதித் தொழிலாளிக்கு உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. ஆனால் சம்மதம் கேட்கும் திரையில் உள்ளதைப் படித்துப் புரிந்துகொள்ளாதவர் அளிக்கும் சம்மதம் சம்மதம் ஆகுமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

முடிவுரை

கருவிகளுக்குப் பொது மொழி கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இனி எஞ்சியிருப்பது, இந்தப் படம் இந்த மனிதருடையது என்பதை எல்லா இடத்திலும் பிழையின்றி நிலைநாட்டும் வேலை. அதில் பெரும்பகுதி பதிவு மேசையில் இருக்கிறது. ஒரு பகுதி நம் வீட்டில் இருக்கிறது.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். பெற்றோரின் அட்டைகள் யாவிலும் பெயரும் எழுத்துக்கூட்டும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்போம், வேறுபட்டால் திருத்துவோம். பழைய பிலிமையும் அறிக்கையையும் தேதி வாரியாக ஒரே உறையில் வைப்போம். ஸ்கேன் எடுத்த இடத்தில் டைகாம் வடிவில் குறுந்தகடு கிடைக்குமா என்று கேட்டு வாங்குவோம். சம்மதத் திரையில் விரலை வைக்குமுன் அதில் உள்ளதைத் தமிழில் அவர்களுக்குப் படித்துச் சொல்வோம். இயற்பியலும் கணிதமும் கணிப்பொறி அறிவியலும் பயிலும் நண்பர்களுக்கு இத்துறையில் நல்ல வேலைவாய்ப்பும் உண்டு. அதனினும் மேலாக, ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் கூலியை மீட்டுத்தரும் வாய்ப்பும் உண்டு.