குவார்ட்டர்ஸுக்கு வெளியே

வித்துரா

அன்பு மருமகளுக்கு,

மாலத்தீவு நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். சம்பளம், விசா, ஒப்பந்தம் எல்லாம் ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொடுத்துவிடுவார். பெட்டியில் என்ன வைப்பது என்பதை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். அவர்கள் யாரும் பேசாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கே உன்னோடு டியூட்டி பார்க்கப்போகும் தீவுக்காரர்களைப் பற்றி.

நீ போகும் தீவிலும் ஒரு குவார்ட்டர்ஸ் இருக்கும். கோட்டயத்துக்காரி ஒருத்தி, நாகர்கோவில்காரி ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் நம் பக்கத்து டீச்சர்கள் இரண்டு பேர் என்று ஆள் சேர்ந்துவிடும். முதல் நாளே சோறும் ரசமும் கிடைக்கும். ஓணமும் கிறிஸ்துமஸும் பொங்கலும் சேர்ந்து கொண்டாடலாம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுகத்திலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும். தீவுக்காரர் வீட்டு அடுப்படியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் அங்கே என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே நிறையப் பேர்.

இப்படி ஒதுங்கி வாழ்வது நமக்குப் புதுசு இல்லை. நம் குடும்பம் மூன்று தலைமுறை மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தது. வித்துராச் சந்தைக்கு இறங்கி வருவோம், சாமான் வாங்குவோம், பஸ் ஏறிப் போய்விடுவோம். கீழே யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்ததில்லை. அவர்கள் நம்மை ‘பாண்டி’ என்றார்கள். நாமும் அவர்களை ‘மலையாளத்தான்’ என்று ஒதுக்கியே வைத்திருந்தோம். தோட்டம் படுத்து, கீழே வந்து குடியேறி, ராத்திரியில் உன் தாத்தாவை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோக பக்கத்து வீட்டு ஜீப்பைக் கேட்டு நின்றபோதுதான் அந்தக் கதவு திறந்தது. அவர்களுக்கு ஏதோ செய்துகொடுத்து நாம் உள்ளே போகவில்லை. கேட்டுத்தான் போனோம்.

நர்ஸ்களான நமக்குக் கேட்பது லேசில் வராது. கொடுத்தே பழகியவர்கள். ஊசி போடுகிறோம், தையல் பிரிக்கிறோம், பிரசவம் பார்க்கிறோம். தீவு முழுக்க மரியாதை கிடைக்கும், ஆனால் யாரும் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார்கள். நீ அவர்களிடம் ஏதாவது கேள். மீன் எப்படி அறுப்பது, தலைநகர் மாலேக்குப் போக எந்தப் படகு ஏறுவது, ஃபேன் ஓடவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று கேள். அவர்கள் பாஷையைக் கேட்டுக் கற்றுக்கொள். திவேஹியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். வலி எங்கே, எத்தனை நாளாக, சாப்பிட்டீர்களா என்ற அளவுக்குப் பேச வந்தாலே போதும். உச்சரிப்பைக் கேட்டு நன்றாகச் சிரிப்பார்கள். சிரிக்க விடு.

ஆரம்பத்தில் முகம் கொடுக்கமாட்டார்கள். குவார்ட்டர்ஸில் அதைத் திமிர் என்பார்கள், நம்பாதே. ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணும் வார்டில் இருக்கும் உள்ளூர் நர்ஸும் அங்கேயே பிறந்து அங்கேயே இருக்கப்போகிறவர்கள். ஒப்பந்தத்துக்கு வந்து, கொஞ்சம் பழகி, கண்ணைக் கசக்கிக்கொண்டு படகேறிப் போன நர்ஸ்கள் எத்தனை பேரை அவர்கள் பார்த்திருப்பார்கள்! அடுத்தவளோடும் அதே மாதிரி ஒட்டிக்கொள்ள அவர்களுக்கு என்ன தலைவிதி? ஆறு மாதம் பொறு.

அதுவரை சின்னச் சின்னதாகச் செய்யலாம். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை நேரத்து டியூட்டியை நீயாகக் கேட்டு வாங்கிக்கொள். நோன்பு மாதத்தில் அவர்கள் எதிரே தண்ணீர்கூடக் குடிக்காதே. நோன்பு திறக்கும் நேரத்து ஷிஃப்ட்டையும் நீயே எடு. ஒரு நாள் யாராவது தட்டோடு வருவார்கள். மறுக்காதே. மாஸ் ஹுனி என்று காலைப் பலகாரம் ஒன்று உண்டு: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து, ரொஷி ரொட்டியோடு சாப்பிடுவது. மாசிக் கருவாட்டுச் சம்பல் தின்று வளர்ந்த உனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ரிஹாகுரு வாடை மட்டும் முதலில் தூக்கும். மீன் சாற்றைக் கெட்டியாகும்வரை காய்ச்சி எடுப்பது, பழகினால் விடமாட்டாய்.

பழைய கதை இரண்டைத் தெரிந்துகொண்டு போ. 1988 நவம்பர் 3-ஆம் தேதி மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்க வந்து இறங்கியவர்கள் தமிழ் பேசியவர்கள், இலங்கையின் ப்ளொட் இயக்கத்துக்காரர்கள். மாலத்தீவு வணிகர் ஒருவர் கூட்டி வந்த கூலிப்படை அது. 19 பேர் செத்தார்கள். அன்று ராத்திரியே இந்திய ராணுவம் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கியது. வயதான ஒருவர் நீ எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டு ஒரு நொடி நிதானித்தால், இது அவர் நினைவில் வந்திருக்கும். பதறாமல் பதில் சொல்.

இன்னொன்று நம் பக்கத்துக் கணக்கு. 1994-இல் கேரளப் போலீஸ் மாலத்தீவுப் பெண்கள் இரண்டு பேரை இஸ்ரோ ரகசியத்தைத் திருட வந்த உளவாளிகள் என்று கைது செய்தது; ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதாத அசிங்கம் இல்லை. 1996-இல் சிபிஐயே வழக்கு பொய் என்றது. அதே வழக்கில் கைதான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் 50 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்கள் இழந்ததைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? அங்கே பேசுவார்கள். பேசினால் கேட்டுக்கொள், ஊருக்காக வாதாடாதே.

2023 தேர்தல் சமயத்தில் இந்தியா வெளியேற வேண்டும் என்று அங்கே பெரிய பிரச்சாரம் நடந்தது; மறு ஆண்டு மே மாதத்துக்குள் அங்கிருந்த இந்திய ராணுவத்தினர் திரும்பிவிட்டார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் இன்றும் இருப்பார்கள். அதே ஆள் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உன்னிடம்தான் வருவார். மாலேயிலுள்ள இந்திரா காந்தி மருத்துவமனை இந்திய உதவியில் கட்டியதுதானே என்று யாரிடமும் சொல்லிக்காட்டாதே. உண்மைதான், ஆனால் அதைக் கட்டியது நீ இல்லை.

சில கோடுகளைத் தாண்டாதே. மதத்தைப் பற்றி விவாதம் வேண்டாம், வேடிக்கைக்குக்கூட வேண்டாம். சாமி சிலை எதுவும் கொண்டுபோகாதே, சுங்கத்தில் பிடித்துவைப்பார்கள். உன் கும்பிடு மனசுக்குள் இருக்கட்டும். கூட வேலை பார்க்கும் ஆண்களோடு வார்டிலும் எல்லாரும் இருக்கும் இடத்திலும் பேசு. ராத்திரிக் கடற்கரை நடைக்குப் பெண்களோடு போ. நீ தப்பு செய்வாய் என்பதற்காகச் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் சுற்றிவரும் தீவில் பேச்சு அதைவிட வேகமாகச் சுற்றும், அது உன்னோடு பேசியவரையும் பாதிக்கும். பணம் கடன் கொடுக்காதே, வாங்காதே. டாலர் தட்டுப்பாட்டில் ருஃபியாவை மாற்றித் தருகிறேன் என்று வருகிறவர் நண்பராகவே இருந்தாலும் வங்கிக்கே போ.

கடைசியாக இது. அங்கே பெரிய நோய் என்றால் பலர் நம் ஊருக்குத்தான் வருகிறார்கள். மாலேயிலிருந்து திருவனந்தபுரம் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மெடிக்கல் காலேஜ் பக்கம் குமாரபுரத்தில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கியிருக்கும் மாலத்தீவுக் குடும்பங்களை நீயே பார்த்திருப்பாய். ஆட்டோக்காரர் முதல் புரோக்கர்வரை அவர்களிடம் கூடுதலாகத்தான் கேட்பார்கள். உன்னோடு வேலை பார்ப்பவளின் அம்மா ஒரு நாள் ஆபரேஷனுக்கு வந்து நிற்கும்போது, நீ தீவில் அவர்களிடம் வாங்கிச் சாப்பிட்டதற்கெல்லாம் கணக்குத் தீர்க்கும் நேரம் அதுதான். அங்கே பழகியதும் என் நம்பரை அவளிடம் கொடுத்து வை. வித்துராவிலிருந்து காலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருப்பேன். பெயர், வார்டு நம்பர் மட்டும் அனுப்பு. கஞ்சி நான் கொண்டுபோகிறேன்.

உன்
அத்தை