மெக்கானிக்கல் படிக்கக் கல்லூரி: பட்டறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

தாராசுரத்திலிருந்து மெக்கானிக்கல் படிக்கக் கிளம்பும் பிள்ளைக்குக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கும்பகோணத்திலேயே தனியார் கல்லூரிகள் உண்டு. செங்கிப்பட்டியில் 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி., திருச்சியில் அண்ணா பல்கலைக்கழக வளாகம் என்று பட்டியல் நீளும். விளம்பரப் பலகையில் எல்லாக் கல்லூரியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் மெக்கானிக்கல் கை பழகிப் படிக்க வேண்டிய படிப்பு. ஆகவே கட்டடத்தையும் பெயரையும்விட, அந்தத் துறையின் பட்டறையும் ஆசிரியர்களுமே உங்கள் அளவுகோலாக இருக்க வேண்டும்.

முதல் படி கட்-ஆஃப். கணித மதிப்பெண் முழுதாகவும் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் சேர்ந்து மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 80 என்றால் கட்-ஆஃப் 174. முந்தைய பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுகளில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு மெக்கானிக்கல் இடம் எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்று பார்த்துப் பத்துப் பதினைந்து கல்லூரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படி, சான்றுகளைச் சரிபார்ப்பது. நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது; என்பிஏ சான்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே தரப்படுவது. அது மெக்கானிக்கலுக்கு உண்டா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால், அவற்றின் விழுக்காட்டை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டாம்.

மூன்றாவது படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்: நேரில் போய்ப் பார்ப்பது. ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருப்பதாக 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிப்படுத்திய பிறகு, காகிதத்தை மட்டும் நம்புவதற்கில்லை. வேலைநாளில் போங்கள். லேத், மில்லிங், சிஎன்சி எந்திரங்கள் ஓடுகின்றனவா? அடியில் இரும்புச் சீவல் கிடக்கிறதா, மேலே தூசி படிந்திருக்கிறதா? ஒரு லேத்தை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? இவற்றை மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள்.

"மெக்கானிக்கலுக்கு வேலை எங்கே, கம்ப்யூட்டர் எடு" என்பார்கள். தொடக்கச் சம்பளம் பல நேரம் மென்பொருள் வேலையைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆர்வமில்லாதவர் இதை எடுக்கவே வேண்டாம். ஆனால் டெல்டாவின் அறுவடை எந்திரமும் நவீன அரிசி ஆலையும், திருச்சியின் பெல் நிறுவனமும் பொன்மலைப் பணிமனையும், ஒரகடத்தின் கார் ஆலைகளும் இந்தப் படிப்பை நம்பி நடப்பவை. வேலை தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு; அந்த வேலையைக் கற்றுத்தருவது பட்டறைதான். ஆகவே கல்லூரியின் மொத்த வேலைவாய்ப்புக் கணக்கைக் கேட்காதீர்கள். மெக்கானிக்கல் முடித்தவர்களில் எத்தனை பேர் தம் துறையிலேயே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பணமில்லாதவர் இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியுமா என்றால், முடியும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுபவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

கடைசிப் படி, கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியல். கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாக முதலில் காலியாக இருக்கும் இடம்தான் உங்களுக்கு ஒதுக்கப்படும். ஆகவே மனதுக்குப் பிடித்த கல்லூரி மேலே, நிச்சயம் கிடைக்கும் கல்லூரி கீழே. பட்டியலை நீங்களே பதிவு செய்யுங்கள். கடவுச்சொல்லை எந்த இடைத்தரகரிடமும் கொடுக்காதீர்கள்.