மேற்கோள் கணக்கில் சிக்காத நம்பூதிரிபாட்

டிடர்மினன்ட் பூஜ்யமா வந்துட்டா என்ன செய்வீங்க? "இன்வெர்ஸ் கிடையாது"ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போவீங்க. கே.எஸ்.எஸ். நம்பூதிரிபாட் (1935–2020) செய்த கணிதம் அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குது. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகக் கணிதத் துறைத் தலைவரா இருந்தவர் அவர்.

பிளஸ் டூவில் படிச்ச குலம் ஞாபகம் இருக்கா? அதிலிருந்து சமனியையும் நேர்மாறையும் எடுத்துட்டு, சேர்ப்பு விதியை மட்டும் வச்சுக்கிட்டா அது அரைக்குலம். ரெண்டு ஸ்ட்ரிங்கை ஒட்டும்போது நீங்க பயன்படுத்துறதும் இதைத்தான். ஒட்டினதைப் பிரிச்சு "நேர்மாறு" காண முடியாது, ஆனா எந்த ஜோடியை முதலில் ஒட்டினாலும் விடை ஒண்ணுதான்.

இப்போ (2, 0), (0, 0) என்ற நிரைகள் கொண்ட அணியை எடுங்க. பேரு 'அ'. இதுக்கு நேர்மாறு இல்லை. ஆனா (½, 0), (0, 0) என்ற அணியை 'க'ன்னு வச்சுப் பெருக்கிப் பாருங்க: அ·க·அ = அ. பாதி நேர்மாறுன்னு சொல்லலாம். எல்லா உறுப்புக்கும் இப்படி ஒரு 'க' கிடைச்சா அது ரெகுலர் அரைக்குலம். சதுர அணிகள் எல்லாம் சேர்ந்தா அப்படித்தான். சிக்னல் பிராசசிங்ல வர்ற சூடோ இன்வெர்ஸும் இந்த நிபந்தனையை நிறைவேத்துறதுதான்.

அ·க-வை அதனாலேயே பெருக்கினா (அ·க·அ)·க, அதாவது மறுபடி அ·க தான். இப்படித் தன்னைத் தானே பெருக்கியும் மாறாத உறுப்பு ஐடெம்பொட்டன்ட். இந்த உறுப்புகள் தங்களுக்குள்ள எப்படி அடுக்கப்பட்டிருக்கு, அந்த அடுக்கை மட்டும் வச்சு முழு அரைக்குலத்தைக் கட்ட முடியுமா? இதுதான் நம்பூதிரிபாடின் கேள்வி. அவர் வகுத்த அந்த அடுக்குக்கு 'பைஆர்டர்டு செட்'னு பேரு. விடை 1979-ல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் மெமாயர்ஸ் வரிசையில் 224-ஆம் எண்ணா வந்துச்சு. 100 பக்கத்துக்கு மேல.

இங்கதான் மேற்கோள் கணக்கு இடிக்குது. இம்பாக்ட் ஃபேக்டர் பார்க்கிறது, ஒரு இதழில் முந்தின ரெண்டு வருஷத்தில் வந்த கட்டுரைகளை மட்டும். ரெகுலர் என்ற நிபந்தனை இல்லாமலும் ஒவ்வொரு பைஆர்டர்டு செட்டும் ஏதோ ஒரு அரைக்குலத்திலிருந்துதான் வருதுன்னு டேவிட் ஈஸ்டவுன் நிரூபிச்சது 1985-ல். ஆறு வருஷம் தள்ளி! மார்க் லாசன் தன் புத்தகத்தில் 'ஏரெஸ்மான்–ஷைன்–நம்பூதிரிபாட் தேற்றம்'னு தலைப்புப் போட்டது 1998-ல். இன்னிக்கு அந்தப் பேரைச் சொல்லி லாசன் புத்தகத்தை மேற்கோள் காட்டினா, எண்ணிக்கை லாசன் கணக்கில்தான் ஏறும். பேரு தேற்றத்தோட ஒட்டிக்கிச்சு, ஆனா எண்ணிக்கை ஏறலை. எனக்கு இது வேடிக்கையாத்தான் படுது.

ஹெச்-இண்டெக்ஸும் அப்படியே. 5 கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் 1000 மேற்கோள்: இண்டெக்ஸ் 5. 20 கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் 20: இண்டெக்ஸ் 20. மெமாயர் எவ்வளவு பெருசா இருந்தாலும் அது ஒரே ஒரு கட்டுரைதான். இந்த எண்ணைக் கொண்டுவந்த ஹிர்ஷ் இயற்பியல்காரர், 2005-ல். சில மாசத்திலேயே மேற்கோள் குவியுற துறைகளோட ஒப்பிட்டா கணிதம் மெதுவா நகர்ற துறை.

கேரளத்தில் டெக், லாடெக், கட்டற்ற மென்பொருள் பரவினதில் அவர் பங்கு பெருசு. எந்த இண்டெக்ஸிலும் அது வராது.

பிராஜெக்டுக்கோ பிஹெச்டிக்கோ கைடு தேடும்போது கூகுள் ஸ்காலர் எண்ணை மட்டும் பார்த்து ஒருத்தரைத் தள்ளிடாதீங்க. அவரோட பழைய கட்டுரை ஒண்ணைத் திறந்து, அதை மேற்கோள் காட்டினவங்களை வருஷ வரிசையில் பாருங்க. கணிதம்னா இசட்பிமேத் தளம் 2021-லிருந்து இலவசம். 15 வருஷம் கழிச்சும் யாராவது வந்திருக்காங்களா, வந்தவங்க அதை நிஜமா பயன்படுத்தியிருக்காங்களா, இல்லை முன்னுரையில் பத்தோட பதினொண்ணா சேர்த்திருக்காங்களா? ஒரு சாயங்காலம் போதும் இதுக்கு.