மில் இரைச்சலுக்கு எந்தக் காதுக் கவசம்?



நம் உறுப்பினர்களில் மளிகைக் கடையோடு மாவு மில், மிளகாய் மில், எண்ணெய்ச் செக்கு, பருப்பு மில் என ஏதாவது ஒன்றைச் சேர்த்து நடத்துவோர் பலர். மோட்டாரில் பெல்ட் தேய்ந்தால் அன்றைக்கே மாற்றுகிறோம். அந்த மோட்டார் அருகே பதினைந்து வருடம் நிற்கும் ஆளின் காது தேய்வதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வயதாகிவிட்டது, காது மந்தம் என்று பேசி முடித்துவிடுகிறார்கள்.

வயது மட்டும் காரணமன்று. உட்செவியில் ஒலியை வாங்கும் மிக நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. ஓயாத இரைச்சலில் அவை பழுதாகும். பழுதானவை மீண்டும் முளைப்பதில்லை, அதற்கு மருந்தும் இல்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலிகள். ஆகவே பேச்சு கேட்கும், சொல் தெளிவாக விழாது. வாடிக்கையாளர் பட்டை கேட்டால் பச்சை என்று காதில் விழும். வலி இல்லாததால் பாதிக்கப்பட்டவருக்கே பல வருடம் தெரியாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இரைச்சலால் வரும் செவிக்குறை தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது என்பதை முதலாளிகளாகிய நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

மீட்டர் இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. மில் ஓடும்போது கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறதென்றால் அங்கே இரைச்சல் சுமார் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது எனலாம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருந்து வந்த வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998-இல் பரிந்துரைத்தது 85. டெசிபல் கணக்கு நம் தராசுக் கணக்கைப் போன்றதன்று. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். எனவே அந்தப் பரிந்துரைப்படி 88-இல் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு மணி நேரம், 94-இல் ஒரு மணி நேரம்தான் நிற்கலாம்.

இனி கவசத்துக்கு வருவோம். பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வது பெரும்பாலும் மனத்திருப்திக்குத்தான். ஒலியை அது அதிகம் தடுக்காது. கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று காதுக்குள் செருகும் இயர் பிளக், மற்றொன்று காதை முழுவதும் மூடும் இயர் மஃப்.

பிளக்கில் மலிவானது நுரைப் பஞ்சு வகை. விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் வாசலிலேயே வைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள், பயனில்லை. மிளகாய் மில்லுக்கு இந்த வகையை நாம் சொல்லமாட்டோம். மிளகாய்ப் பொடி பட்ட விரலால் உருட்டிக் காதில் வைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்ச் செக்கிலும் கை சுத்தமாக இராது. அங்கெல்லாம் மஃப் நல்லது, அல்லது கழுவிப் பயன்படுத்தக்கூடிய, கயிறு கோத்த சிலிக்கான் பிளக். மஃப்பிலும் குறை உண்டு. வெயில் காலத்தில் வியர்க்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பும் தலையில் கட்டிய துண்டும் மெத்தைக்கு அடியில் சிக்கினால் அந்த இடைவெளி வழியே சத்தம் புகுந்துவிடும். துண்டை மஃப்பின் மேல் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெட்டியின் மேல் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். அது சோதனைச் சாலையில் கிடைத்த அளவு. மூட்டை எடையில் சாக்கு எடையைக் கழிப்பதுபோல இதிலும் கழிவு போட வேண்டும். நுரை பிளக்குக்குப் பாதி, மஃப்புக்குக் கால் பங்கு கழிப்பது நியாஷ் சொன்ன முறை. பிறகு, மில்லில் சாதாரண மீட்டரால் அளந்த கணக்கு என்றால் மேலும் 7 கழிக்க வேண்டும். 33 என்று போட்ட பிளக் 9 டெசிபலுக்குச் சற்று மேலாக நிற்கும். 25 என்று போட்ட மஃப் 12-ஐ ஒட்டி நிற்கும். பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவது லேபிளைப் பார்த்துப் பருப்பு வாங்குவதற்குச் சமம். சரக்கு விற்கும் நமக்கு இது தெரியாததா? ஐ.எஸ். 9167 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில பெட்டிகளில் துப்பாக்கிப் படம் போட்டு விலையும் கூடுதலாக இருக்கும். அந்தத் தேவை வேறு. துப்பாக்கி வெடிப்பது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை, ஆனால் பெரும்பாலான துப்பாக்கிகளின் உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டும். 12 போர் துப்பாக்கி 150-க்கும் மேல். ஒரே வேட்டு காதைக் கெடுத்துவிடலாம். வலக்கைக்காரர் ரைபிள் சுடும்போது இடக்காது குழல்வாயை நோக்கி இருக்கும், வலக்காதைத் தலை மறைக்கும். அதனால் அவர்களுக்கு இடக்காதே முதலில் கெடுகிறது. ரைபிள் கிளப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் உறுப்பினர்கள், சுவர் சூழ்ந்த அரங்கில் பிளக்கும் அதன் மேல் மஃப்பும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் இரண்டின் கூட்டுத்தொகை கிடைத்துவிடாது, சிறந்த ஒன்றைவிட ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடும். ஆனால் வேட்டுச் சத்தத்துக்கு அதுவும் வேண்டும். மெல்லிய பேச்சைப் பெரிதாக்கி வேட்டை மட்டும் அடக்கும் மின்னணு மஃப், கட்டளை கேட்டுச் சுடுவோருக்கு உதவும். நாள் முழுதும் ஒரே சீராக ஓடும் மில்லுக்கு அந்தச் செலவு வீண்.

கழற்றிக் கழற்றி மாட்டுவதுதான் பெருநஷ்டம். 30 டெசிபல் தடுக்கும் கவசமானாலும், இரைச்சலில் நிற்கும் நேரத்தில் பாதி நேரம் மட்டும் போட்டால் மொத்தத்தில் கிடைப்பது 3 டெசிபல் பாதுகாப்பே. ஆகையால் இரண்டு மூன்று வகை வாங்கி வைத்து, ஆளையே போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. அவருக்குப் பிடித்தது கழுத்தில் தொங்காமல் காதில் இருக்கும். காதை அடியோடு அடைப்பதும் ஆபத்து. பின்னால் வரும் லாரியும், பெல்ட் அறுகிற சத்தமும் கேட்க வேண்டுமே.

நுரை பிளக் அழுக்கானால் எறிந்துவிடுங்கள். ஒருவர் வைத்ததை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. மஃப்பின் மெத்தை விறைத்தாலோ வெடித்தாலோ மாற்றுங்கள். சேர்ந்த புதிதில் ஒரு முறையும், பிறகு வருடம் ஒரு முறையும் ஆட்களைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்பி ஆடியோகிராம் எடுத்து, அந்தத் தாளைச் சம்பளப் பதிவேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.